டிவி உரிமக் கட்டணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிபிசி போன்ற பொதுச்சேவை ஒலிபரப்புக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பெரும்பகுதி பிரிட்டனின் டிவி உரிமத்தைச் சுற்றியே இருக்கிறது. டிவி பார்க்க அங்கே வீடுகள் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி வாங்கும் உரிமம் அது; அந்தப் பணம் பிபிசிக்குப் போகிறது. புதிதாக வீடு மாறியவரின் வாசலுக்குத் தேடி வரும் முதல் கடிதங்களில் அதுவும் ஒன்று என்பதால் இதில் வியப்பில்லை. முதலில் நடைமுறைக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: லண்டனில் படிக்கிறேன். என் அறைக்கு உரிமம் இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. என்னிடம் டிவியே கிடையாது, மடிக்கணினி மட்டும்தான். கட்ட வேண்டுமா?

தம்பி, சட்டம் பெட்டியைப் பார்ப்பதில்லை. நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதையே பார்க்கிறது. எந்தச் சேனலையும் அது ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் உரிமம் வேண்டும். பிபிசி ஐபிளேயர் என்ற இணையச் சேவையில் பிபிசியின் எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும், பழையதானாலும், உரிமம் வேண்டும். இந்த இரண்டாவது விதி 2016 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தமிழ் மாணவர்கள் பலர் தவறுவது முதல் விதியில்தான். வெளிநாட்டுத் தமிழ்ச் சேனலை ஒரு செயலி வழியாக நேரலையில் பார்த்தாலும் அது "எந்தச் சேனலும்" என்பதற்குள் அடங்கும். யூடியூபில் பதிவேற்றிய நாடகம், நெட்ஃபிளிக்ஸில் திரைப்படம், இவற்றுக்கு உரிமம் தேவையில்லை.

"பேட்டரியில் ஓடினால் கட்ட வேண்டாம்" என்று நண்பர்கள் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு விலக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் விடுமுறையில் நீங்கள் திரும்பும் வீட்டுக்கு உரிமம் இருக்க வேண்டும். மின் இணைப்பில் செருகாத, தன் பேட்டரியிலேயே இயங்கும் கருவியில் பார்க்க வேண்டும். பெற்றோர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றால் அது உங்களுக்கு உதவாது.

உரிமம் தேவைப்படும் எதையும் பார்ப்பதில்லை என்றால், அதை இணையத்தில் முறையாகத் தெரிவித்துவிடுங்கள். கடிதத்தைக் கிழித்துப் போடுவதால் கடிதங்கள் நிற்காது.

கேள்வி: அதிகாரி வந்தால் கதவைத் திறக்க வேண்டுமா? சிறைக்கு அனுப்புவார்களா?

நீதிமன்ற ஆணை இல்லாமல் வருபவரை உள்ளே விட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உரிமமின்றிப் பார்ப்பதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். அதற்காகவே சிறை என்பது கிடையாது. ஆனால் இது குற்றவியல் வழக்கு. மின்கட்டணம் பாக்கி வைத்தால் கடன் வழக்கு, டிவி உரிமம் இல்லையென்றால் குற்ற வழக்கு. இந்த வேறுபாட்டை என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை.

இந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவோரில் பத்தில் ஏழு பேர் பெண்கள் என்ற அளவில் பல ஆண்டுகளாகக் கணக்கு வந்திருக்கிறது. பெண்கள் அதிகம் ஏமாற்றுகிறார்கள் என்பது இதற்குப் பொருளன்று. ஆய்வாளர் வந்து தட்டும்போது வீட்டில் இருப்பவரும், கதவைத் திறந்து பதில் சொல்பவரும் பெரும்பாலும் அவர்கள்தாம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் ஒருத்தி இதற்காக நீதிமன்றப் பதிவேட்டில் ஏறுவது, பொது ஒலிபரப்பை நேசிக்கும் நாமே முன்வந்து கண்டிக்க வேண்டிய அநீதி.

கேள்வி: நான் பிபிசி பார்ப்பதே இல்லை. ஆண்டுதோறும் இந்தக் கட்டணத்தை நான் ஏன் கொடுக்க வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் போல வேண்டியவர் மட்டும் சந்தா கட்டட்டுமே.

வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டது இதுவே. 2025 ஏப்ரலில் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. 1922-இல் வானொலிக்குப் பத்து ஷில்லிங், 1946-இல் டிவியும் வானொலியும் சேர்த்து இரண்டு பவுண்டு என்று தொடங்கியது அந்தக் கணக்கு.

ஒலிபரப்புக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ஒரு செய்தியறிக்கையை ஆயிரம் பேர் கேட்டாலும் கோடிப் பேர் கேட்டாலும் தயாரிக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவர் கூடுதலாகக் கேட்பதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. அப்படிப்பட்ட பொருளுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை விற்றால், பணம் இல்லாதவர்களை வெளியே நிறுத்துவதைத் தவிர எதுவும் மிச்சமாவதில்லை. சந்தா நிறுவனம் சந்தாதாரர் விரும்புவதைத் தயாரிக்கும், அதில் தவறில்லை. ஆனால் ஒரு சிற்றூர் நகராட்சியில் என்ன முடிவு எடுத்தார்கள் என்று உட்கார்ந்து குறிப்பெடுக்கும் உள்ளூர்ச் செய்தியாளருக்காக யாரும் தனியாகச் சந்தா கட்ட மாட்டார்கள். பள்ளிப் பாட நிகழ்ச்சிக்கும், சிறு மொழிக்கும் இதே கதிதான்.

சிறு மொழி என்றதும் வேல்ஸ் நினைவுக்கு வருகிறது. வெல்ஷ் மொழிக்குத் தனிச் சேனல் தருவதாகச் சொன்ன வாக்கிலிருந்து பிரிட்டிஷ் அரசு பின்வாங்கியபோது, 1980-இல் பிளைட் கம்ரி கட்சித் தலைவர் க்வின்ஃபர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அவர் குறித்த நாள் வருவதற்கு முன்பே அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பரில் எஸ்4சி சேனல் பிறந்தது. இன்று அதற்கான பொதுப்பணம் நீங்கள் கேட்கும் அந்த உரிமக் கட்டணத்திலிருந்துதான் போகிறது. மொழிக்காக உயிரையும் கொடுக்கத் துணிவது என்றால் என்னவென்று தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சந்தை அந்தச் சேனலை ஒரு நாளும் தந்திருக்காது.

நீங்கள் பார்க்காத ஒன்றுக்குக் கொடுக்கிறீர்கள் என்பது உண்மை. உங்களுக்கு வேண்டிய ஒன்றுக்கு, அதைப் பார்க்காத இன்னொருவரும் கொடுக்கிறார். அந்த ஏற்பாட்டை நான் நம்புகிறேன்.

கேள்வி: விளம்பரம் போட்டால் யாரும் கட்ட வேண்டியதில்லையே?

1985-இல் மார்கரெட் தாட்சர் அரசு பொருளியலாளர் ஆலன் பீக்காக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பிபிசியில் விளம்பரம் வரட்டும் என்று குழு சொல்லும் என எதிர்பார்த்தார்கள். 1986-இல் வந்த அறிக்கை அதற்கு நேர்மாறாக, விளம்பரம் வேண்டாம் என்றது. நாட்டில் விளம்பரத்துக்குச் செலவாகும் பணம் ஒரு குளம் போன்றது. புதிதாக ஒருவர் இறங்கி மொண்டால் தண்ணீர் பெருகாது. ஏற்கெனவே மொண்டுகொண்டிருக்கும் தனியார் சேனல்களுக்குக் குறையும். இரு தரப்பும் ஒரே கூட்டத்தைத் துரத்தத் தொடங்கினால் நிகழ்ச்சிகளும் ஒன்றுபோலாகிவிடும்.

கலப்பு முறையும் உண்டு. ஜெர்மனியில் பொதுச் சேனல்கள் சிறிதளவு விளம்பரம் போடுகின்றன. ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விளம்பரத்துக்கு இடமில்லை.

கேள்வி: இதற்கெனத் தனிக் கட்டணம் எதற்கு? வரிப்பணத்திலிருந்து அரசே கொடுத்தால் வசூல் செலவும் இல்லை, வழக்கும் இல்லை.

ஆஸ்திரேலியா 1974-இல் அப்படித்தான் உரிமத்தை ஒழித்தது. பிரான்ஸ் 2022-இல் 138 யூரோ கட்டணத்தை நீக்கி, விற்பனை வரியின் ஒரு பங்கைக் கொடுக்கத் தொடங்கியது. மக்களுக்கு நிம்மதிதான். ஆனால் நிதியமைச்சர் பேனாவை எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

அதற்கு அமெரிக்கா 2025-இல் பதில் காட்டியது. அங்கே பொது வானொலிக்கும் டிவிக்கும் கூட்டாட்சிப் பணத்தைப் பகிர்ந்தளிக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு கழகத்தை உருவாக்கினார்கள். ஆட்சியாளர் கோபத்துக்கு நிலையங்கள் ஆளாகக் கூடாது என்று, பணத்தை இரண்டு ஆண்டுகள் முன்கூட்டியே ஒதுக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 2025 ஜூலையில் நாடாளுமன்றம் அப்படி ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரை ஒரே சட்டத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அந்தக் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. பெருநகர நிலையங்களுக்கு நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். கூட்டாட்சிப் பணத்தையே பெரிதும் நம்பியிருந்த சிற்றூர் நிலையங்கள்தாம் அடிவாங்கின.

கேள்வி: அப்படியானால் உரிமக் கட்டணம் இருந்தால் சுதந்திரம் உறுதி என்கிறீர்களா?

இல்லை. இதில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே: பணத்தை வசூலிப்பவர் யார் என்பதைவிட, தொகையைத் தீர்மானிப்பவர் யார், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதே முக்கியம். பிரிட்டனில் தொகையைத் தீர்மானிப்பது அரசு. 2010 அக்டோபரில் சில நாள் பேச்சுவார்த்தையில் கட்டணத்தை 145.50 பவுண்டில் உறைய வைத்தார்கள். அது 2017 வரை நகரவில்லை. அதுவரை வெளியுறவு அமைச்சகம் கொடுத்துவந்த உலக சேவையின் செலவையும் பிபிசியின் தலையில் ஏற்றினார்கள். 2015-இல், 75 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு கொடுத்துவந்த இலவச உரிமத்தின் சுமையையும் தள்ளிவிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிபிசி அந்தச் சலுகையை வறிய முதியோருக்கு மட்டும் என்று சுருக்கியபோது, மக்களின் கோபம் முழுவதும் பிபிசி மீதே பாய்ந்தது. சலுகை கொடுத்த பெயர் அரசுக்கு, பறித்த பழி ஒலிபரப்புக்கு.

பிபிசி எப்படி இயங்க வேண்டும் என்று வகுக்கும் தற்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31-இல் முடிகிறது. கட்டணம் வேண்டுமா வேண்டாமா என்று மட்டுமே வாதிட்டு இந்தத் தருணத்தை விட்டுவிடுவார்களோ என்பதே என் கவலை.

கேள்வி: உங்கள் கணக்கில் எந்த நாட்டு முறை சிறந்தது?

தொகையைத் தீர்மானிப்பதில் ஜெர்மனி. 2013 முதல் அங்கே பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம். சமூக உதவி பெறுவோருக்கு விலக்கு உண்டு; வீட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆய்வாளர் தேவையில்லை. எவ்வளவு தேவை என்பதை ஒரு சுதந்திரமான வல்லுநர் குழு கணக்கிட்டுச் சொல்கிறது. 16 மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020-இல் மாதம் 17.50 யூரோவை 18.36 ஆக்கும் உயர்வைச் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் தடுத்தது. வெறும் 86 சென்ட். ஆனாலும் ஒலிபரப்பாளர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் போனார்கள். 2021-இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாநில அரசு நினைத்தால் பணத்தை நிறுத்த முடியாது என்று ஒரு நீதிமன்றம் சொன்னது, அந்த 86 சென்ட்டைவிட ஆயிரம் மடங்கு பெரிது. அதற்குப் பிறகும் அங்கே இழுபறி ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

யாரிடம் எவ்வளவு என்பதில் பின்லாந்து. 2013-இல் உரிமத்தை விட்டு, வருமானத்துக்கு ஏற்ற தனி வரிக்கு மாறினார்கள். அதற்கு மேல்வரம்பு உண்டு. மிகக் குறைந்த வருமானம் உள்ளவர் கட்டுவதில்லை. இந்த இரண்டையும் இணைத்தால் நான் கேட்கும் முறை கிடைக்கும்.

மக்கள் இதற்கெல்லாம் சம்மதிப்பார்களா என்று கேட்பவர்களுக்கு: 2018 மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் கட்டணத்தையே ஒழிக்கலாமா என்று நேரடி வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஒழிக்க வேண்டாம் என்றவர்கள் 71 விழுக்காட்டுக்கும் மேல்.

கேள்வி: பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்தவன் நான். அதற்கும் இந்த உரிமப் பணம்தான் வந்ததா?

பெரும்பகுதிக் காலம் இல்லை, ஐயா. 1941-இல், உலகப் போரின் நடுவே தொடங்கிய தமிழ்ச் சேவைக்கும் மற்ற உலக சேவைகளுக்கும் பணம் கொடுத்தது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம். 2014-இல்தான் அந்தச் செலவு உரிமக் கட்டணத்துக்கு மாறியது. பின்னர் அரசு மானியமும் ஓரளவு சேர்ந்தது. வானொலித் தமிழோசை 2017 ஏப்ரல் 30-உடன் நின்றது. தமிழ்ச் சேவை இணையத்தில் தொடர்கிறது. சிற்றலையின் இரைச்சலுக்கிடையே இலங்கைப் போர்ச் செய்திக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. யாரோ முகம் தெரியாதவர்களின் வரிப்பணம் அது.

கேள்வி: அப்பா தபால் நிலையத்தில் வானொலிக்கு லைசென்ஸ் கட்டிய புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இந்தியாவில் அதை ஏன் நிறுத்தினார்கள்?

பத்திரமாக வைத்திருங்கள், அது வரலாற்று ஆவணம். ரூ.15 வானொலிக்கு, ரூ.50 டிவிக்கு என்று தபால் துறை வசூலித்தது. டிரான்சிஸ்டர் மலிந்து வீட்டுக்கு வீடு வந்தபின் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து இவ்வளவு சிறு தொகை வாங்குவது அர்த்தமற்றதாகிவிட்டது. விளம்பர வருமானமும் வளர்ந்தது. 1980களின் நடுவில் உரிமத்தையே நீக்கிவிட்டார்கள்.

அத்துடன் நேயருக்கும் நிலையத்துக்கும் இருந்த நேரடிப் பணத்தொடர்பு அறுந்தது. ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் தன்னாட்சி அமைப்பாக்கும் பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறியும், 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் தன்னாட்சி இருக்கிறது. பணப்பையோ மத்திய அரசிடம் இருக்கிறது. தொகையைத் தீர்மானிப்பவர் யார் என்று மேலே சொன்ன அளவுகோலால் நீங்களே அளந்து பாருங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் உரிமத்தை நீக்கியும் வசந்தம் தமிழ்ச் சேனல் ஓடுகிறதே?

ஓடுகிறது, மகிழ்ச்சி. அங்கே 110 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம் 2011 தொடக்கத்தில் நீங்கியது. பொதுச்சேவை நிகழ்ச்சிகளுக்கு அரசு நிதி தருகிறது. விளம்பரத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் சிறு தமிழ்ச் சமூகத்துக்கு முழுநேரச் சேனல் கிடைத்திருக்குமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கேள்வி: அம்மா என்னுடன் இங்கிலாந்தில் இருக்கிறார். பார்வை போய்விட்டது. நாள் முழுவதும் வானொலிதான் கேட்கிறார். அவருக்குக் கட்ட வேண்டுமா?

வானொலிக்கு மட்டும் என்றால் வேண்டாம், அம்மா. 1971-இலேயே வானொலி உரிமத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டில் நீங்கள் நேரலை டிவி பார்ப்பவர் என்றால் வீட்டுக்கு உரிமம் வேண்டும். அப்போது அதை உங்கள் பெயரில் வாங்காதீர்கள். பார்வையிழந்தவர் என்று முறையாகப் பதிவு செய்தவர் பெயரில் வாங்கினால் கட்டணம் பாதிதான்; வீட்டிலுள்ள எல்லோருக்கும் அதுவே செல்லும். ஏற்கெனவே உங்கள் பெயரில் இருந்தால் அவர் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுதுங்கள். பதிவுச் சான்றின் நகலை இணைக்க மறக்காதீர்கள்.