ஞானஸ்நான வீட்டுக் கேள்விகள்

கேள்வி: அலுவலகத் தோழியின் குழந்தைக்கு ஞாயிறு பூசையில் ஞானஸ்நானம். நாங்கள் இந்துக்கள். கோயிலுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– வாசகி, மதுரை

தாராளமாகப் போங்கள். பொட்டு, பூ எதையும் எடுக்க வேண்டியதில்லை. செருப்பு விஷயம் ஊருக்கு ஊர் மாறும். வாசலில் மற்றவர்கள் விட்டிருந்தால் விடுங்கள். எல்லோரும் எழும்போது எழுந்தால் போதும், முழந்தாளிடும்போது உட்கார்ந்திருக்கலாம். நன்மை, அதாவது அப்ப வடிவிலான நற்கருணை, வாங்க வரிசை நகரும்போது மட்டும் இடத்தை விட்டு எழாதீர்கள். உங்கள் கோயில் பிரசாதம் போல வந்தவர்க்கெல்லாம் கொடுப்பதல்ல அது. ‘சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?’ என்று சாமியார் கேட்பது பெற்றோரையும், விசுவாசத்தில் குழந்தைக்குத் துணை நிற்கும் ஞானப்பெற்றோரையும்தான். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். பெயர் கேட்பதும் நெற்றியில் சிலுவை வரைவதும் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் கோயில் வாசலிலேயே முடிந்துவிடும். அதனால் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். மோதிரமோ கவரோ, விருந்தில் கொடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஞானத்தாயாக நாத்தனாரையும் ஞானத்தந்தையாக என் தம்பியையும் நிறுத்த ஆசை. நாத்தனார் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை, தம்பிக்கு 15 வயது. பங்குச் சாமியார் தயங்குகிறார். ஏன்?
– வாசகி, திருநெல்வேலி

அவர் வீம்பு பிடிக்கவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 874-ஆம் பிரிவுப்படி, ஞானப்பெற்றோர் 16 வயது நிறைந்தவராக, உறுதிப்பூசுதலும் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் சடங்கு) நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். குழந்தையின் சொந்தத் தாய் தகப்பன் அந்த இடத்தில் நிற்க முடியாது. வயதுக்கு, தகுந்த காரணம் இருந்தால், பங்குத்தந்தை விலக்குக் கொடுக்கலாம். தம்பி உறுதிப்பூசுதல் பெற்றவர் என்றால் கேட்டுப் பாருங்கள். நாத்தனாரைப் பொறுத்தவரை, அவருடைய திருமுழுக்கை, அதாவது ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. ஆனாலும் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக மட்டுமே அவர் நிற்கலாம். ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். இரண்டு சித்தப்பாமாரைச் சமாதானப்படுத்த இருவரையும் நிறுத்துகிற வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. வேறு பங்கைச் சேர்ந்தவர் என்றால் அவருடைய பங்குத்தந்தையிடம் கடிதம் கேட்பார்கள். முதல் நாள் இரவு ஓடாமல் முன்பே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நாலு மாதக் குழந்தை. அன்றைக்கு எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தூத்துக்குடி

முதலில் உடுப்பு. தண்ணீர் ஊற்றுமுன் ஆயத்த எண்ணெயை நெஞ்சில் பூசுவார்கள். முதுகில் ஜிப் வைத்த கவுன் போட்டால் அங்கே இழுபறிதான். முன்பக்கம் திறக்கிற பருத்திச் சட்டை நல்லது. வெள்ளை ஆடையைத் தனியே எடுத்துப் போங்கள். தண்ணீர் ஊற்றி, உச்சந்தலையில் கிறிஸ்மா என்ற வாசனைத் தைலம் பூசிய பிறகுதான் அதைப் போர்த்துவார்கள். தலைப்பட்டை, தொப்பியைத் ஞானஸ்நானத் தொட்டிக்குப் போகுமுன் கழற்றிவிடுங்கள்.

பாலை முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்து ஏப்பம் விடச் செய்யுங்கள். வயிறு முட்டக் குடித்த குழந்தையைத் தொட்டிமேல் சாய்த்தால் கக்கிவிடும். கழுத்தையும் பின்தலையையும் ஒரே உள்ளங்கையில் தாங்கி, நெற்றியைவிட உச்சி தாழ்ந்திருக்கும்படி பிடியுங்கள். மூன்று முறை ஊற்றும் தண்ணீரும் பின்னோக்கி வழிந்துவிடும், கண்ணிலும் மூக்கிலும் இறங்காது. குளிர்காலம் என்றால் தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் முன்பே சொல்லுங்கள். சடங்கு முறை அதை அனுமதிக்கிறது.

பயப்பட வேண்டியது மெழுகுதிரிக்குத்தான். பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியில் பற்றவைத்துத் தகப்பனிடமோ ஞானத்தந்தையிடமோ கொடுப்பார்கள். பக்கத்திலேயே நைலான் வலைக் கவுனில் குழந்தை இருக்கும், மேலே மின்விசிறி சுழலும். குட்டையான தடித்த திரியாக வாங்கி, காகிதக் கப்பில் துளையிட்டுச் செருகி, குழந்தையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிப் பிடியுங்கள். போட்டோக்காரர் சாமியாருக்கும் தொட்டிக்கும் நடுவே புகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

பதிவேட்டில் எழுதும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கட்டும். முதல் நன்மைக்கும் கோயிலில் வாசிக்கும் கல்யாண ஓலைக்கும் இந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

கேள்வி: குறைமாதக் குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது. சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

உயிருக்கு ஆபத்து என்றால் வேண்டாம். யாரும் கொடுக்கலாம்; திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் வேற்று மத நர்ஸ்கூட. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சுத்தமான தண்ணீரைச் சொட்டு மருந்துக் குழாயிலிருந்து தலையில் வழியும்படி விட்டபடியே, பெயர் சொல்லி, “தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்று ஊற்றுபவரே சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் செல்லாது. பிறகு பங்கில் தெரிவித்துப் பதியுங்கள். குழந்தை தேறியதும் கோயிலில் கிறிஸ்மா, வெள்ளை ஆடை, திரி எல்லாம் நடக்கும். தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றமாட்டார்கள்.