எந்திரம் ஓடும்போது பாருங்கள்

கேள்வி: மகளைப் பார்க்க சிகாகோ வந்திருக்கிறோம். அயோவா மாநிலத்து மவுண்ட் பிளசன்ட் ஊரில் பழைய டிராக்டர், நீராவி எந்திரக் கண்காட்சி நடக்கிறதாம்; போகலாம் என்கிறாள். துருப்பிடித்த இரும்பைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: அவசியம் போய்வாருங்கள். 1950-இல் தொடங்கிய இந்த 'ஓல்டு திரெஷர்ஸ்' விழா, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு முடியும் ஐந்து நாள் விழா. சிகாகோவிலிருந்து புறப்படும் கலிபோர்னியா செஃபைர் ரயில் அந்த ஊரிலேயே நிற்கும்.

வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகளில் பொழுதைக் கழித்துவிடாமல், முதலில் கோதுமைக் கதிரடிக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். நீராவி எந்திரத்தின் பெரிய சக்கரத்திலிருந்து கதிரடிக்கும் பெட்டிக்கு நீளமான பெல்ட் ஒன்று ஓடும். நெருப்புப் பொறி வைக்கோலில் விழாதிருக்கவே இத்தனை இடைவெளி. காற்றில் படபடத்துக் கழன்றுவிடாதிருக்க அதை எட்டு வடிவில் முறுக்கி மாட்டியிருப்பார்கள்.

சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் இருக்கும் பக்கமும் நின்று காது கொடுங்கள். நம் ஊர் ஆயில் எஞ்சினைப் போல இவை சீராக அடிப்பதில்லை. ஒருமுறை 'டுப்' என வெடித்ததும், வேகம் குறையும்வரை கவர்னர் என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி புகைவழி வால்வைத் திறந்தே பிடித்துக்கொள்ள, சக்கரம் பல சுற்றுகள் வெறுமனே சுற்றி, பிறகே அடுத்த வெடிப்பு வரும். சுமை கூடக் கூட வெடிப்பு நெருங்கும். பம்புசெட்டோடு பழகியவருக்கு இதைவிட்டு நகர மனம் வராது என்பது என் எண்ணம்.

டிராக்டர் வரலாற்றிலும் அயோவாவுக்குப் பங்குண்டு. முன்னும் பின்னும் நகரும் பெட்ரோல் டிராக்டரை ஜான் ஃப்ரோலிக் 1892-இல் உருவாக்கியது இம்மாநிலத்தில்தான். அந்த வழியில் வந்த வாட்டர்லூ நிறுவனத்தை 1918-இல் வாங்கித்தான் ஜான் டியர் நிறுவனம் டிராக்டர் தொழிலில் காலூன்றியது.

நீராவி எந்திரத்தை இயக்குபவரிடம், கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைக் காட்டச் சொல்லுங்கள். நீர் குறைந்து நெருப்பறையின் மேல்தகடு வெளிப்பட்டால் வெடிப்பு நேரலாம். 2001-இல் ஓஹையோ மாநிலம் மெடினாவில் இத்தகைய பழைய எந்திரம் ஒன்று வெடித்து ஐந்து பேர் இறந்தனர். எனவே அந்தக் குழாயிலிருந்து அவர் பார்வையை அகற்றும்படி நீண்ட பேச்சில் இழுத்துவிடாதீர்கள். ஓடும் பெல்ட்டிலிருந்தும் தள்ளியே நில்லுங்கள்.