தீவுக்கு ஏன் நான்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். போன மறுவரையறையில் டொரண்டோ நகரத்தின் 25 நாடாளுமன்றத் தொகுதிகள் 24 ஆகிவிட்டன. எங்கள் ஸ்கார்பரோ சென்டரை டான் வேலி ஈஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஒன்டாரியோவில் சராசரியாக 1,16,000 பேருக்கு ஒரு எம்.பி. பிரின்ஸ் எட்வர்ட் தீவிலோ மொத்தமே ஒன்றரை லட்சம் சொச்சம் பேர்தான். அவர்களுக்கு நான்கு எம்.பி. 1867-ல் கனடாவில் சேர்வதற்கு விலையாக அவர்கள் கேட்டு வாங்கிய சலுகை இது என்கிறார் ஒரு நண்பர். உண்மைதானா? இதை மாற்றவே முடியாதா?

ஒரு வாசகர், ஸ்கார்பரோ

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கணக்கு சரி. நண்பர் சொல்லும் வரலாறுதான் சரியில்லை. தீவு 1867-ல் கனடாவில் சேரவில்லை. 1873 ஜூலை 1 அன்றுதான் சேர்ந்தது. அப்போது கேட்டு வாங்கியது நான்கு இடமல்ல, ஆறு. அந்த ஆறைக் காப்பாற்ற முடியாமல் ஐந்துக்கும் பிறகு நான்குக்கும் இறங்கி, மூன்றுக்குப் போக வேண்டிய நேரத்தில்தான் 1915-ல் வேறொரு விதி வந்து பிடித்து நிறுத்தியது. சேரும்போது போட்ட ஒப்பந்தத்துக்கும் இன்றைய நான்குக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை.

1864 செப்டம்பரில் கூட்டாட்சிக்கான முதல் மாநாடு நடந்ததே தீவின் தலைநகரான சார்லட்டவுனில்தான். அடுத்த மாதம் கியூபெக் மாநாட்டில் நாடாளுமன்றத்தின் கீழவை இடங்களைப் பிரித்தார்கள். கியூபெக்குக்கு 65 என்று நிலையாக வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அதே விகிதத்தில் கொடுப்பது ஏற்பாடு. ஒன்டாரியோவுக்கு 82, நோவா ஸ்கோஷியாவுக்கு 19, நியூ பிரன்ஸ்விக்குக்கு 15, நியூஃபவுண்ட்லாந்துக்கு 8, தீவுக்கு 5. தீவின் பிரதிநிதிகள் ஆறு கேட்டார்கள். தீவில் பிரின்ஸ், குவீன்ஸ், கிங்ஸ் என்று மூன்று கவுண்டிகள். ஆளுக்கு இரண்டு என்றால் ஆறு. ஐந்தைக் கொண்டுபோய் எப்படிப் பங்கு வைப்பது? மற்றவர்கள் இறங்கிவரவில்லை.

தீவு விலகி நின்றதற்கு இது மட்டும் காரணமல்ல. 1767-ல் தீவு முழுவதையும் 67 துண்டுகளாக்கி லண்டனில் சீட்டுக் குலுக்கிக் கொடுத்திருந்தார்கள். நூறு வருஷம் கழித்தும் உழுதவர்களில் பலர் கடலுக்கு அப்பால் இருந்த நில உடைமையாளர்களுக்குக் குத்தகை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலத்தை வாங்கிக் கொடுக்கப் பணம் தருவதாக கியூபெக் மாநாடு சொல்லவில்லை. நிலமும் கிடைக்காது, அவையில் 194 பேரில் நம் ஆள் ஐந்து பேர் என்றால் யார் போவார்கள்?

பிறகு 1871-ல் தீவு தானே ரயில் பாதை போட ஆரம்பித்துக் கடனில் மாட்டிக்கொண்டது. 1873-ல் பேச்சுக்குப் போனபோது ரயில் கடன் தீர வழி, நிலம் வாங்க 8 லட்சம் டாலர் வரை, பெருநிலத்தோடு வருஷம் முழுக்க நீராவிக் கப்பல் தொடர்பு என்று நிறையவே கிடைத்தது. கூடவே ஆறு இடங்களும்.

அந்த ஆறு வந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘1861-க்குப் பிறகு தீவின் மக்கள்தொகை 15,000 அல்லது அதற்கு மேல் கூடியிருப்பதால்’ ஆறு உறுப்பினர்கள் என்கிறது ஒப்பந்தம். 1861-ல் 80,857 பேர், 1871-ல் 94,021. கணக்கெடுப்பின்படி கூடியது 13,164தான். மிச்சத்தை அடுத்த இரண்டு வருஷத்து வளர்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள் போலும். 95,857 என்றே வைத்துக்கொண்டாலும் வாய்ப்பாடு ஆறு தராது. 1871-ல் கியூபெக்கின் மக்கள்தொகை 11,91,516. அதை 65-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு 18,331 பேர். 95,857-ஐ அதனால் வகுத்தால் 5.23. பின்னம் பாதியைத் தாண்டினால்தான் முழு இடம் என்பது அன்றைய விதி. ஆக, ஐந்து. ஆறாவது இடம் பேரத்தில் வந்ததுதான். அந்த அளவுக்கு உங்கள் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே வரியின் பின்பாதியில், இந்தப் பிரதிநிதித்துவம் கனடாவை உருவாக்கிய 1867-ம் வருஷத்துச் சட்டப்படி ‘அவ்வப்போது சரிசெய்யப்படும்’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. பின்னால் தீவைக் கவிழ்த்தது அந்தப் பின்பாதிதான்.

ஆறு இடங்களின் பலம் உடனே தெரிந்தது. 1873 செப்டம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தீவுக்காரர்கள் ஒட்டாவா போய்ச் சேர்ந்த நேரத்தில் பசிபிக் ரயில் ஊழல் விவகாரத்தில் பிரதமர் ஜான் மெக்டொனால்டின் அரசு ஆட்டம் கண்டிருந்தது. தீவின் டேவிட் லேயர்ட் அரசுக்கு எதிராகப் பேசினார். நவம்பர் 5 அன்று மெக்டொனால்டு பதவி விலகினார். அடுத்து வந்த அலெக்சாண்டர் மெக்கன்ஸி அரசில் லேயர்ட் உள்துறை அமைச்சரானார்.

இனி, அந்த ஆறு எப்படிக் கரைந்தது என்ற கணக்கு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் கியூபெக்கின் மக்கள்தொகையை 65-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணால் ஒவ்வொரு மாகாணத்தின் மக்கள்தொகையையும் வகுப்பார்கள். இடம் குறைகிறது என்று வந்தால் இன்னொரு சோதனை உண்டு: நாட்டின் மொத்த மக்கள்தொகையில் அந்த மாகாணத்தின் பங்கு, முந்தைய சரிசெய்தலின்போது இருந்ததைவிட இருபதில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சரிந்திருந்தால்தான் குறைக்கலாம்.

1881-ல் தீவில் 1,08,891 பேர். வகுத்தால் 5.21 வருகிறது. ஆனால் நாட்டு மக்கள்தொகையில் தீவின் பங்கு பெரிதாக அசையவில்லை. இரண்டாவது சோதனை ஆறைக் காப்பாற்றியது. 1891-ல் 1,09,078 பேர். பத்து வருஷத்தில் 187 பேர் கூடியிருக்கிறார்கள், ஆனாலும் ஓர் இடம் போனது! வகுக்கும் எண் 20,908-லிருந்து 22,901 ஆகியிருந்தது, ஈவு 4.76, அதாவது ஐந்து. நாட்டில் தீவின் பங்கும் 2.52 சதவீதத்திலிருந்து 2.26 ஆகிவிட்டதால் இரண்டாவது சோதனையும் கைகொடுக்கவில்லை. தீவில் என்ன நடக்கிறது என்பதைவிட கியூபெக்கில் எத்தனை பிள்ளைகள் பிறக்கின்றன என்பதே தீவின் இடங்களைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை. தீவின் இளைஞர்களோ பாஸ்டன் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

1901-ல் மக்கள்தொகையே 1,03,259-ஆக இறங்கியது. ஈவு 4.07. நான்கு இடம்.

இந்தக் கட்டத்தில் தீவு வழக்குப் போட்டது. ஆறு என்பது ஒப்பந்தத்தில் எழுதித் தந்த எண். சரிசெய்வது என்றால் கூட்டலாமே தவிர, ஆறுக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது வாதம். 1903-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றது. தீர்ப்பு கடுமையாகத் தோன்றலாம், ஆனால் எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. சரிசெய்யப்படும் என்று எழுதியிருக்கும்போது அது ஒரு பக்கம் மட்டும் நகரும் என்று எப்படி வாசிப்பது?

தீவு மட்டும் இழக்கவில்லை. நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், தீவு மூன்றுக்கும் சேர்த்து 1874-ல் 206 பேர் அவையில் 43 பேர் இருந்தார்கள். 1917-ல் அவை 235-ஆக வளர்ந்தபோது இவர்கள் 31. மேற்கே புல்வெளி மாகாணங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

1911-ல் தீவில் 93,728 பேர். ஈவு சரியாக மூன்றில் வந்து நின்றது. வழக்கில் தோற்றுவிட்ட நிலையில் மிச்சமிருந்த வழி சட்டத்தையே மாற்றுவது. தீவில் ஜான் மாத்தீசனின் கன்சர்வேட்டிவ் அரசு, ஒட்டாவாவில் பிரதமர் போர்டனின் கன்சர்வேட்டிவ் அரசு. பேச முடிந்தது. 1915-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கனடாவின் அரசியல் சட்டத்தில் 51ஏ என்ற பிரிவைச் சேர்த்தது: எந்த மாகாணத்துக்கும் அதன் செனட்டர்களின், அதாவது மேலவை உறுப்பினர்களின், எண்ணிக்கையைவிடக் குறைவான கீழவை இடங்கள் இருக்கக் கூடாது.

செனட்டை மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கவில்லை. பிராந்தியத்தை வைத்துப் பிரித்தார்கள். கடலோர மாகாணங்களுக்கு மொத்தம் 24. தீவு சேர்ந்தால் நோவா ஸ்கோஷியாவும் நியூ பிரன்ஸ்விக்கும் 12-லிருந்து 10-க்கு இறங்கி, ஆளுக்கு இரண்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று 1867 சட்டத்தின் 147-வது பிரிவே சொல்லிவைத்திருந்தது. அப்படி வந்தவை தீவின் நான்கு செனட் இடங்கள். கீழவையில் நான்குக்குத் தரை போட்டது அந்த எண்தான். விதி வராமல் போயிருந்தால், 1931-ல் 88,038 பேரோடு தீவு இரண்டு இடத்துக்கு இறங்கியிருக்கும்.

அதன் பிறகு 1946, 1952, 1974, 1985, 2011 என்று வாய்ப்பாட்டைப் பலமுறை மாற்றினார்கள். அவற்றை விவரிக்கவில்லை, எதுவும் தீவைத் தொடவில்லை.

தொகுதிகளின் உருவம் மட்டும் மாறியது. ஆரம்பத்தில் மூன்று கவுண்டிகளும் மூன்று இரட்டை உறுப்பினர் தொகுதிகள். வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஐந்து இடம் ஆனபோது 1896 தேர்தலில் கிழக்கு பிரின்ஸ், மேற்கு பிரின்ஸ், கிழக்கு குவீன்ஸ், மேற்கு குவீன்ஸ், கிங்ஸ் என்று தனித்தனியாக வெட்டினார்கள். 1904-ல் நான்கானதும் பிரின்ஸுக்கு ஒன்று, கிங்ஸுக்கு ஒன்று, குவீன்ஸுக்கு மறுபடி இரட்டை. அந்த இரட்டைத் தொகுதி 1968 தேர்தல் வரை நீடித்தது. இதே பிரின்ஸில்தான் 1919-ல் மெக்கன்ஸி கிங், லிபரல் தலைவரான கையோடு, போட்டியில்லாமல் தேர்வாகி அவைக்குள் போனார். தீவுக்காரர் அல்ல, ஒன்டாரியோக்காரர்! இடம் குறைகிறது என்று லண்டன் வரை வழக்காடிய மாகாணம், இருந்த நான்கில் ஒன்றை வெளியூர்த் தலைவருக்கு இரவல் கொடுத்தது எனக்கு எப்போதுமே வேடிக்கையாகத் தோன்றும்.

இன்றைய கணக்கு உங்களுக்குப் பயன்படும். 2021 மக்கள்தொகை மதிப்பீட்டை வைத்துப் போட்ட கணக்கில் ஓர் இடத்துக்கு 1,21,891 பேர். தீவில் 1,64,318. ஈவு 1.35. இப்போது எந்தப் பின்னமும் மேலே ஏற்றப்படுவதால் இரண்டு இடம். செனட்டர் விதி அதை நான்காக்குகிறது. அதாவது 343 பேர் அவையில் தீவுக்குக் கூடுதலாகப் போவது இரண்டு இடம். உங்கள் டொரண்டோ ஓர் இடத்தை இழந்தது இதனால் அல்ல. ஒன்டாரியோவின் மொத்தம் 121-லிருந்து 122-ஆகக் கூடியிருக்கிறது. மாகாணத்துக்குள் மற்ற பகுதிகள் டொரண்டோவைவிட வேகமாக வளர்ந்ததால், ஒன்டாரியோவின் எல்லை ஆணையம் நகரத்திலிருந்து ஓர் இடத்தை எடுத்தது. கோபப்படுவதென்றால் அந்தப் பக்கம் திரும்பிக் கோபப்படலாம்.

2021 கணக்கெடுப்பில் வந்த 1,54,331 பேரை வைத்துப் பார்த்தால் தீவுக்குள் ஒரு தொகுதிக்குச் சராசரி 38,583 பேர். சார்லட்டவுன் ஒரு தொகுதி, அந்த நகரத்தின் மக்கள்தொகை 38,809. கிட்டத்தட்ட அளவெடுத்தது மாதிரி. மற்ற மூன்றும், அதாவது கார்டிகன், மால்பெக், எக்மண்ட், பெரும்பாலும் உருளைக்கிழங்கு வயல்களும் சிங்கி இறால் பிடிக்கும் துறைகளும் கொண்ட கிராமத் தொகுதிகள். எக்மண்டில் சம்மர்சைடு என்ற சிறு நகரம் உண்டு. இவ்வளவு சிறிய தொகுதியில் எம்.பி.யை மக்களுக்கு முகம் தெரியும். ஒருமுறை காலூன்றியவரை அசைப்பது கடினம். லாரன்ஸ் மெக்காலே 1988 முதல் 2025 தேர்தல் வரை கார்டிகனை வைத்திருந்தார், இரண்டு முறை விவசாய அமைச்சராகவும் இருந்தார்.

மாற்றவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏட்டளவில் முடியும். ஆனால் 1982 அரசியல் சட்டத்தின் 41-வது பிரிவு இந்த விதியை ஆளுநர் பதவி, முடியாட்சி போன்றவற்றோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. கீழவை, செனட், பத்து மாகாணச் சட்டமன்றங்கள் அனைத்தும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தில் ஒன்று தீவின் சட்டமன்றம். செனட்டை மாற்றியமைத்துத் தீவின் நான்கைக் குறைத்தாலும் பலனில்லை, ஏனென்றால் 1982-ல் இருந்த செனட் எண்ணிக்கையே அடிப்படை என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறார்கள். இதே விதியின் நிழலில்தான் நியூ பிரன்ஸ்விக்கும் இருக்கிறது: வாய்ப்பாடு தருவது ஏழு, அவையில் உட்கார்ந்திருப்பவர்கள் பத்துப் பேர். அந்தச் சட்டமன்றமும் கையெழுத்துப் போட வேண்டும்.