முகாம் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்டவை

இலங்கைத் தமிழர் முகாம் வீடுகளைப் பற்றி யாராவது கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொன்னேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் பல வருடம் எனக்கு முகாம் வேலைதான். அரசு மாதா மாதம் தரும் உதவிப் பணமான பணக்கொடையைக் கொடுக்கும் நாளில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டவன். இப்போது ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் இருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

புதுவயலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஐயா, நம்ம பக்கம் முகாம் எங்கெல்லாம் இருக்கு? அவங்க எப்போ வந்தாங்க?

திருமயம் பக்கம் லேணாவிளக்கு, சிவகங்கை பக்கம் ஒக்கூர், மானாமதுரைக்குப் பக்கத்தில் மூங்கில்ஊரணி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வரத் தொடங்கினார்கள், அப்புறம் சண்டை மூண்டபோதெல்லாம் 1989, 1996, 2006 என்று அலை அலையாக வந்தார்கள். மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்ததில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். 2021 அரசுக் கணக்கில் நூற்றுச் சொச்சம் முகாம்களில் 58,000 பேருக்கு மேல், முகாமுக்கு வெளியே போலீஸில் பதிந்துகொண்டு சுமார் 34,000 பேர்.

பெரும்பாலோர் முதலில் இறங்கியது ராமேஸ்வரம் பக்கம் இருக்கும் மண்டபம் முகாமில். அது வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஆட்களை நோய் இருக்கிறதா என்று நிறுத்திப் பார்த்து அனுப்பிய இடம். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் உயிருக்குப் பயந்து திரும்பி வந்தபோதும் அதே மண்டபத்தில்தான் தங்க வைக்கப்பட்டார்கள். பதிவேட்டில் பூர்வீகம் என்று கேட்டு எழுதும்போது ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி என்று சொல்லுவார்கள், எனக்கு அந்த இடத்தில் கை நின்றுவிடும்.

காரைக்குடி, கட்டட மேஸ்திரி: அண்ணே, எங்கூட பெயிண்ட் அடிக்கிற பையன் முகாம்காரன். பத்துக்குப் பத்து வீடுங்கிறான். உண்மையா?

உண்மைதான் தம்பி. ஆரம்பத்தில் கட்டியது லைன் வீடு. பத்தடிக்குப் பத்தடியில் ஒரே அறை, மேலே கீற்று அல்லது தார் அட்டை, அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ், பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். கழிப்பறை பொது. ஆறு மாதம் ஒரு வருடத்தில் சண்டை ஓய்ந்து திரும்பிவிடுவார்கள் என்ற கணக்கில் போட்ட கூரை அது. அந்த அறையிலேயே பிள்ளை பிறந்து, வயதுக்கு வந்து, கல்யாணமாகி, மருமகளும் வந்து, நடுவில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இரண்டு குடும்பம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஐப்பசி மழையில் நடு இரவில் கூப்பிட்டார்கள் என்று ஒரு முகாமுக்குப் போனேன். கட்டில் மேல் அரிசி மூட்டை, மூட்டை மேல் கைக்குழந்தை, தரையில் முழங்கால் தண்ணீர். கூரை மாற்ற வேண்டும் என்று அதற்கு முந்தைய வருடமே எழுதி அனுப்பியிருந்தோம், மேலே ஒரு அலுவலகத்தில் கோப்பு அப்படியே கிடந்தது. அந்தக் குழந்தை இப்போது கல்லூரி முடித்திருக்கும்.

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார். அதில் 231 கோடி, சேதமான 7,469 வீடுகளை இடித்துக் கட்ட. 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறந்தார்கள். சுமார் 300 சதுர அடி, ஹால், சமையல் இடம், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. வீட்டுக்குள் கழிப்பறை என்பது வயதுக்கு வந்த பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று முகாமில் ஒரு ராத்திரி இருந்தால்தான் தெரியும்.

அதே மேஸ்திரி: புது வீடு அவங்க பேர்ல பட்டாவா? விக்கலாமா?

இல்லை. இடம் அரசாங்கத்தது, வீடும் அரசாங்கத்தது. அவர்களுக்கு இருக்கும் உரிமை குடியிருப்பது மட்டும்தான். வேறு முகாமுக்கு மாறிப் போக வேண்டும் என்றால், பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஊருக்குப் போவதாக இருந்தாலும், மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். பல நாள் வெளியூர் வேலைக்குப் போனாலும் முகாமில் சொல்லிவிட்டுப் போய், கணக்கெடுக்கும் நாளில் ஆள் வந்து நிற்க வேண்டும். உங்கள் பெயிண்டர் தம்பி திடீரென்று ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் திட்டாதீர்கள், அன்றைக்குத் தணிக்கை இருந்திருக்கும்.

கோட்டையூரிலிருந்து ஒருவர் (பெயர் வேண்டாம் என்றார்): நம்மூர் ஏழைக்கே வீடு இல்ல. இவங்களுக்கு எதுக்கு வரிப்பணம்?

நேராகக் கேட்டதற்கு நன்றி, பலர் மனதில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. பணக்கொடை எவ்வளவு தெரியுமா? 2021-ல் கூட்டிய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு 500. அதற்கு முன்னால் 1,000, 750, 400 என்று இருந்தது. இதை வைத்து யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதனால்தான் பெயிண்ட் அடிக்கிறார்கள், சித்தாள் வேலைக்குப் போகிறார்கள், கடை வேலைக்குப் போகிறார்கள், வாங்குகிற சோப்புக்கும் சட்டைக்கும் உங்களையும் என்னையும் போல வரி கட்டுகிறார்கள். நம்மூர் ஏழைக்கு வீடு வேண்டும், கட்டாயம் வேண்டும், அதற்கு நீங்கள் மனுப் போட்டால் நானே எழுதித் தருகிறேன். ஆனால் நம்மூர் ஏழைக்கு ஓட்டு இருக்கிறது, கவுன்சிலர் வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். இவர்களுக்கு அது இல்லை. நாற்பது வருடம் ஒரு ஊரில் வாழ்ந்தும் வார்டு மெம்பருக்குக்கூட ஓட்டுப் போட முடியாதவர்கள்.

காரைக்குடி பர்மா காலனியிலிருந்து: எங்க தாத்தாவும் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவருதான். எங்களுக்கு மனை, கடன் எல்லாம் கிடைச்சுது. இவங்களுக்கு ஏன் கிடைக்கல?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வித்தியாசம் ஒரு காகிதத்தில் இருக்கிறது. பர்மாவிலிருந்து 1960-களில் வந்தவர்களையும், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியக் குடிமக்களாக வந்தவர்களையும் அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது. அதனால் வீட்டுக் கடன், தொழில் கடன், வேலை எல்லாம் மறுவாழ்வு உதவியாகக் கிடைத்தது. நீலகிரியில் அரசு டான்டீ தேயிலைத் தோட்டம் போட்டதே அப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். 1983-க்குப் பிறகு ஓடி வந்தவர்கள் 'அகதிகள்', அதாவது வெளிநாட்டவர். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கு என்று இங்கே தனிச் சட்டமும் கிடையாது. ஆகவே வீடு, அரிசி, பணம் எல்லாமே அரசாணையில் வருகிறது, உரிமையாக வரவில்லை.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. இலங்கையில் ஒரே தோட்டத்தில் ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த அண்ணன் 1970-களில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்தால் குடிமகன், அங்கேயே தங்கிவிட்டு 1984-ல் படகில் வந்த தம்பி அகதி. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்கள் கதை இல்லாத வீடு நம் ஊர்களில் எத்தனை?

கானாடுகாத்தான், ஓர் ஆச்சி: தம்பி, எங்க வீட்டில வளவைச் சுத்தி இத்தனை அறை பூட்டிக் கிடக்கு. ரெண்டு குடும்பத்தை இருக்கச் சொல்லலாமா?

ஆச்சி, உங்கள் மனசுக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். முகாமில் பதிந்த குடும்பம் தானாக வெளியே வந்து குடியிருக்க முடியாது. அனுமதி வாங்கி வெளிப்பதிவுக்கு, அதாவது முகாமுக்கு வெளியே போலீஸில் பதிந்துகொண்டு வாழ, மாறினால் பணக்கொடையும் முகாம் வீடும் போய்விடும். ஏற்கெனவே வெளிப்பதிவில் இருக்கிறவர்களுக்குத் தாராளமாக வாடகைக்குக் கொடுக்கலாம், யார் இருக்கிறார்கள் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதில் மட்டும் நாள் கடத்த வேண்டாம்.

இரண்டாவது உங்களுக்கே தெரியும், பங்காளிகள். ஆளுக்கு ஓர் இரட்டை வீடு என்று பத்து இருபது புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு இருக்கும், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் நாளைக்கு முன்னோர் படைப்புக்குக் கூடும்போது பேச்சு வரும், கடைசியில் குடியிருக்கிறவர்கள்தான் சாமானைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பார்கள். ஒரு தடவை இடம் பெயர்ந்தவர்களை இன்னொரு தடவை நகர்த்தக் கூடாது, ஆச்சி. எழுத்தில் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

லண்டனில் நர்ஸாக இருக்கும் தேவகோட்டைப் பெண்: இங்கே அடைக்கலம் கேட்பவர்களை அரசாங்கமே ஹோட்டலில் வைக்கிறது. நம் ஊரில் ஏன் அப்படிச் சட்டம் இல்லை?

அங்கே 1999 குடிவரவு மற்றும் அடைக்கலச் சட்டத்திலேயே, வழியில்லாதவருக்குத் தங்க இடமும் கைச்செலவும் அரசு கொடுக்கலாம் என்று இருக்கிறது. முதலில் தற்காலிக இடம், பிறகு வேறு ஊரில் ஒரு வீடு, ஊரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வீடு போதாததால்தான் ஹோட்டல். சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இருந்தால் 2024-ல் வாரத்துக்கு ஆளுக்கு 49 பவுண்டுச் சொச்சம். பொதுவாக வேலை செய்யக் கூடாது. ஆனால் அங்கே ஒன்று இருக்கிறது அம்மா, மனுவுக்கு முடிவு என்று ஒன்று வரும். ஆம் என்றால் வேலை செய்யலாம், பின்னாளில் குடியுரிமையும் கேட்கலாம். நம் முகாம்களில் கூரை உண்டு, வேலைக்குப் போகவும் யாரும் தடுப்பதில்லை, அந்த முடிவு மட்டும் வருவதில்லை. இந்த இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், இங்கே அக்கம்பக்கம் தமிழ் பேசுகிறது, பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் நான் முகாமில் பிறந்த பையனாக இருந்தால் முடிவுதான் கேட்பேன்.

பள்ளத்தூர்: அகதின்னு சொல்லலாமா?

சொல்லாதீர்கள். 2021 முதல் அரசே 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றுதான் எழுதுகிறது.

திருப்பத்தூர், கடைக்காரர்: 2022-ல பஞ்சத்துல படகுல வந்தாங்களே, அவங்களுக்கும் இதே வீடா?

இல்லை. அந்த மார்ச்சிலிருந்து தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கியவர்களை மண்டபத்தில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள். பழையவர்களைப் போல அகதிப் பதிவு கொடுக்கவில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டத்தின் கீழ் போட்ட உத்தரவிலும், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத்தான் பாஸ்போர்ட், விசா இல்லாததற்குத் தண்டனை கிடையாது என்று விலக்கு. அந்த விலக்குக்கே முகாமில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அது குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை பெயர் இல்லை.

முகாமிலிருந்து ஒரு தம்பி (எந்த முகாம் என்று எழுதவில்லை): ஐயா, எங்கக்கா 1986-ல மண்டபத்துல பிறந்தா. நான் 1990-ல இங்க பிறந்தேன். எங்களுக்கு வழி இருக்கா?

அக்காவுக்கு இருக்கிறது தம்பி, உடனே செய்யுங்கள். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். இதே மாதிரி 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது, 2024 தேர்தலில் அவர் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் ஓட்டும் போட்டார். உங்கள் அக்காவுக்கு முதலில் வேண்டியது பிறப்புச் சான்றிதழ். பெயர் எழுத்து, பெற்றோர் பெயர், தேதி மூன்றும் முகாம் அட்டையோடு ஒத்துப் போகிறதா பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இடிக்கும்.

உங்களுக்கு நேர்வழி இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், உங்கள் தாத்தா தோட்டத்துக்குப் போனவரா? இந்திய வம்சாவளி என்று காட்ட எந்தக் காகிதம் இருந்தாலும், பழைய தோட்டத் துண்டுச் சீட்டு, கடிதம், கிழிந்த பாஸ்போர்ட், எதையும் தூக்கிப் போடாதீர்கள். அப்படிப்பட்டவர்களின் மனுக்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019-ல் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது, அந்தக் காகிதம் பேசும்.

இரண்டு பேருடைய அட்டை நகலையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் காரைக்குடிக்கு வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள், ஊர்ப் பெயரெல்லாம் அவருக்குத்தான் நினைவிருக்கும். மனுவை நான் எழுதித் தருகிறேன்.