பேட்டரி தண்ணி கொதிக்குது, ரெசிஸ்டர் போட்டா சரியாயிடுமா?

கேள்வி: அண்ணே, எங்க ஊர்ல கரண்ட் ஒரு நாளைக்கு நாலஞ்சு மணி நேரம்தான் இருக்குது. 15 வோல்ட் 10 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரும் பிரிட்ஜ் டயோடும் வெச்சு நானே சார்ஜர் கட்டினேன். 12 வோல்ட் 60 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) வண்டி பேட்டரி, ரெண்டு மணி நேரத்துலயே தண்ணி கொதிக்குது. நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டா போதுமா?
– பெகு வாசகர், பர்மா

பதில்: தம்பி, மொதல்ல அந்த சார்ஜரை கழட்டி வைங்க. டிரான்ஸ்பார்மர்ல 15னு போட்டிருக்கறது ஏசி கணக்கு, அதோட உச்சம் 21 வோல்ட், டயோடுல ஒன்னரை போனாலும் 19க்கு மேல பேட்டரிக்கு போகுது. பேட்டரிக்குள்ள ரெசிஸ்டன்ஸ் மில்லி ஓம் கணக்குலதான் இருக்கு, அதனால வோல்ட் கொஞ்சம் கூடினாலே ஆம்பியர் எக்கச்சக்கமா பாயும்.

ரெசிஸ்டர் போட்டா பாய்ச்சல் குறையும், ஆனா எங்க நிறுத்தணும்னு அதுக்கு தெரியாது, 14.4 வோல்ட் தாண்டியும் தள்ளிக்கிட்டேதான் இருக்கும். பழைய மெக்கானிக்குங்க 55 வாட் ஹெட்லைட் பல்பை சீரியல்ல போடுவாங்க, எனக்கு அது ரொம்ப புடிக்கும், ஏன்னா இழை சூடாக சூடாக அதோட ரெசிஸ்டன்ஸும் ஏறும், நல்லா எரியிறப்ப ஆறிக் கிடந்ததுக்கு பத்து மடங்கு கிட்ட வரும், அதனால பேட்டரி சுத்தமா காலியா இருந்தாலும் 3, 4 ஆம்பியர்ல புடிச்சுக்கும். ஆனா அதுவும் 14.4ல நிக்காது, பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கணும்.

உங்களுக்கு ரெண்டு புடியும் வேணும். மொதல்ல ஆம்பியரை ஒரே அளவுல வெக்கணும், ஏஹெச்ல பத்துல ஒரு பங்கு, அதாவது 6க்குள்ள. பேட்டரி 14.4 தொட்டதும் வோல்ட்டை அங்கயே நிறுத்தணும், அப்புறம் ஆம்பியர் தானா இறங்கும். எல்எம்338ங்கற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசில 5 ஆம்பியர் வரைக்கும் கட்டலாம், ஆனா 35 வாட் கிட்ட சூடாவே போயிடும். அதை விட வோல்ட்டுக்கு ஒன்னு, ஆம்பியருக்கு ஒன்னுன்னு ரெண்டு திருகு இருக்கற ஸ்டெப் டவுன் (வோல்ட்டை இறக்கற) மாட்யூல் வாங்குங்க, 8 ஆம்பியர்னு விக்கிறதுல 5க்கு மேல கேக்காதீங்க. பிரிட்ஜுக்கு அப்புறம் 10,000 மைக்ரோபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டு, பேட்டரி மாட்டாம வோல்ட்டை 14.4ல வைங்க, அப்புறம் பேட்டரி இல்லாமலே மீட்டரை 10 ஆம்பியர்ல போட்டு அவுட்புட்டுக்கு குறுக்கே வெச்சு, ஆம்பியர் திருகை அடியிலேர்ந்து மெதுவா 5க்கு ஏத்துங்க. அவுட்புட்ல ஒரு 10 ஆம்பியர் ஷாட்கி டயோடு கட்டாயம், நம்ம ஊர்ல கரண்ட் சொல்லாம கொள்ளாம போகும், அப்ப பேட்டரி திரும்பி பாய்ஞ்சா மாட்யூல் கருகிடும். டயோடுல கொஞ்சம் வோல்ட் விழும், அதனால கடைசியா பேட்டரி முனையிலயே அளந்து சரி பண்ணுங்க.

14.4ங்கறது 25 டிகிரிக்கு. திஞ்சான் (ஏப்ரல்ல வர்ற பர்மா புத்தாண்டு) சமயத்து வெயில்ல பேட்டரி 35 ஆயிடும், அப்ப 14.2 போதும்.

நாலஞ்சு மணி நேரத்துல 20, 25 ஏஹெச்தான் உள்ள போகும் தம்பி, அவசரப்பட்டு 15 ஆம்பியர் ஏத்தாதீங்க. படுக்கற ரூம்லயும் சாமி விளக்கு பக்கத்துலயும் சார்ஜ் போடாதீங்க, பேட்டரியிலேர்ந்து வர்றது தீப்பிடிக்கற ஹைட்ரஜன் வாயு. இப்பவே மூடியை தொறந்து பாருங்க, தட்டு வெளிய தெரிஞ்சா அது முங்கற அளவு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, கோடு வரைக்கும் ஊத்தறது சார்ஜ் முடிஞ்சப்புறம்.