பரணிலிருந்து இறங்கிய பெட்டி

கேள்வி: எனக்கு வயது 44. பெரம்பூரில் வசிக்கிறேன். சிறு வயதிலிருந்தே கால்பந்து என்றால் உயிர். ஜூன் 11-ஆம் தேதி உலகக் கோப்பை தொடங்குகிறது. டிசம்பரில் பிரிவுகளுக்கான குலுக்கல் முடிந்ததிலிருந்து தினமும் இரவு படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். 104 ஆட்டங்களையும் நம் நேரத்துக்கு மாற்றி அட்டவணை போட்டு ஹால் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 1950-இல் பிரேசில் தோற்றபோது வானொலி கேட்டு அழுத அப்பாவிடம், கோப்பையை நான் வாங்கித் தருகிறேன் என்று ஒன்பது வயது பெலே சொன்னதைப் படித்துக் கண் கலங்கினேன். அப்பா ஹாலில் படுப்பவர். ஆட்டங்கள் இரவில் என்பதால் அவை முடியும்வரை தங்கை வீட்டில் இருக்கட்டும் என்று அவர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்தேன். அவரும் சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கால்பந்தை வெறுக்கும் அவளுக்கு அதன் அருமையை எப்படிப் புரியவைப்பது? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் மனைவி கால்பந்தை வெறுக்கிறார் என்று யார் சொன்னது? உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு சான்றும் இல்லை. டிசம்பரிலிருந்து நீங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்ததைப் பொறுத்துக்கொண்டவர் அவர். ஹால் சுவரில் அட்டவணை ஒட்டியபோதும் வாய் திறக்கவில்லை. பெட்டி இறங்கிய அன்றுதான் பேச்சை நிறுத்தியிருக்கிறார். இதை உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, அடுத்த வரியில் விளையாட்டின் அருமைக்குத் தாவிவிட்டீர்கள்.

உலகக் கோப்பையோ ஐபிஎல்லோ வந்தால் ரிமோட் சண்டைக் கடிதங்கள் எனக்கு வராமல் இருக்காது. உங்களுடையது அந்த வகை இல்லை.

படிப்பதில் எந்தத் தவறும் இல்லை. முதல்முறையாக 48 அணிகள் ஆடுகின்றன. 12 பிரிவுகளில் மூன்றாம் இடம் பிடிப்பவற்றிலும் எட்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அந்தக் கணக்கு புரியாதவருக்குப் பிரிவின் கடைசி ஆட்டங்களில் எதற்குப் பதறுகிறார்கள் என்றே தெரியாது. சுமார் 1.5 லட்சம் பேர் வாழும் குராசோ தீவு எப்படி உள்ளே வந்தது என்று தெரிந்துகொண்டு பார்ப்பவர் காணும் ஆட்டமே வேறு. இதில் நான் உங்கள் கட்சி.

"அவரும் சரி என்றுவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே வாருங்கள். பெட்டி முதலில் இறங்கியதா, கேள்வி முதலில் வந்ததா? உங்கள் வாக்கியத்தின் வரிசைப்படி பெட்டிதான். தன் பெட்டி கூடத்து நடுவில் தூசியோடு நிற்பதைப் பார்த்த பிறகு, மகன் சம்பாத்தியத்தில் இருக்கிற ஒரு மனிதர் வேறு என்ன பதில் சொல்வார்?

அவர் ஏன் ஹாலில் படுக்கிறார்? வேறு அறை இல்லாததாலா, கழிவறை பக்கம் என்பதாலா? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார்? இருட்டில் எந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்? உங்கள் மனைவியைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். தங்கை வீட்டில் எத்தனை படிகள், கழிவறைக்கு எவ்வளவு தூரம்? மெக்சிகோ நகரில் பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் முதல் ஆட்டம் நமக்கு இரவு 12.30 என்று கண்டுபிடித்தவருக்கு இந்தக் கணக்கு மட்டும் ஏன் வரவில்லை?

பெலேவைப் படித்துக் கண் கலங்கினீர்கள். சரி, அந்தக் கதையில் அப்பா எங்கே இருந்தார்? மகன் கண்ணெதிரே, வானொலியின் பக்கத்தில். பெலேயின் அப்பா டொண்டின்யோவும் கால்பந்து ஆடியவர். முழங்கால் அடிபட்டு மேலே வர முடியாமல் போனவர். அவர் அழுததை மகன் பார்த்தான், எட்டு ஆண்டுகள் கழித்து ஸ்வீடனில் 17 வயதில் கோப்பையை வென்றான். தொந்தரவு என்று அவரை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பெலே யாரிடம் போய் வாக்குக் கொடுத்திருப்பார்? உங்கள் அப்பாவுக்குக் கால்பந்து பிடிக்குமா என்று நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. பெரம்பூரிலிருந்து வியாசர்பாடி கூப்பிடு தூரம். அங்கே பந்து உதைக்காத தெரு குறைவு. சிறு வயதில் உங்களை மைதானத்துக்கு யார் கூட்டிப்போனது?

அப்பா மகள் வீட்டுக்குப் போவது நல்ல விஷயம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகட்டும், மாதக்கணக்கில் இருக்கட்டும். டிவிக்கு இடம் விட்டுப் போகக் கூடாது. பெற்றவர்கள் நம் வசதிக்கு இடம் மாற்றி வைக்கிற சாமான் இல்லை. பழைய காலத்துப் பேச்சு என்று சிலர் எனக்கு எழுதுவார்கள். எழுதட்டும்.

பெட்டியை நீங்களே பரணில் ஏற்றுங்கள், மனைவி பார்க்கும்போதே. விளக்கம் எதுவும் வேண்டாம். டிவியைப் படுக்கையறைக்கு மாற்ற முடியாவிட்டால் கைபேசியில் பாருங்கள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. திரை சிறியதுதான். 104-ஐயும் பார்த்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. இரவு முழுக்க விழித்துவிட்டு வேலைக்குப் போகிற வயதும் இல்லை உங்களுக்கு. இறுதியாட்டம் நம் நேரப்படி ஜூலை 20, நள்ளிரவு 12.30-க்கு. அன்று மட்டும் ஹாலில் போடலாமா என்று அப்பாவிடம் முன்கூட்டியே கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் கொடுத்துக் கேளுங்கள். உட்கார்ந்து பார்க்கிறேன் என்றால் நாற்காலியை நீங்கள் எடுத்துப் போடுங்கள்.

மனைவியிடம் கால்பந்தைப் பற்றி இப்போது பேச்செடுக்காதீர்கள். முதலில் தங்கைக்குப் போன் செய்து, அப்பா வரவில்லை என்று சொல்லுங்கள். தங்கையையும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.