கேளுங்கள் சிஸ்டர்: சிக் ரூம் நோட்டை வைத்து ஆய்வு நிதி கேட்கலாமா?

வணக்கம் சிஸ்டர். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். மாதம் இரண்டு மூன்று பெண்பிள்ளைகளாவது காலை பிரேயரில் மயங்கி விழுகிறார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும். மூன்று வருடக் கணக்கு சிக் ரூம் நோட்டில் இருக்கிறது. இதை ஆய்வாகச் செய்ய நிதி கேட்கலாமா? அதெல்லாம் காலேஜ் புரொபசர்களுக்குத்தான் என்கிறார் எங்கள் பிரின்சிபால்.
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

உங்கள் பிரின்சிபால் சொன்னதில் பாதி சரி. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற இடங்களில் கேட்பதென்றால், மருத்துவக் கல்லூரி, நர்சிங் கல்லூரி, பல்கலைக்கழகம், அங்கீகாரம் உள்ள ஆய்வு நிறுவனம் என்று ஏதாவது ஒன்றில் நிரந்தர வேலையில் இருப்பவர்தான் முதன்மை ஆய்வாளர் ஆக முடியும். பணமும் அந்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான் வரும். அதனால் பக்கத்து நர்சிங் கல்லூரியில் கம்யூனிட்டி ஹெல்த் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். போகும்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளின் பெயர் தெரியாமல் மறைத்து நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஆய்வில் உங்கள் பெயரும் இருக்கும் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். கணக்கு உங்களுடையது.

நோட்டுக்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்பீர்கள். 1902 அக்டோபரில் நியூயார்க்கில் ஏழைகளுக்கு வீடு தேடிப் போய் சேவை செய்த லில்லியன் வால்ட் என்ற நர்ஸ், லினா ரோஜர்ஸ் என்ற இன்னொரு நர்ஸை நான்கு பள்ளிகளுக்கு ஒரே ஒரு மாதம் பரிசோதனையாக அனுப்பினார். அதுவரை கண்நோய், சொறி, பேன் என்று பார்க்கும் டாக்டர்கள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதோடு சரி. ரோஜர்ஸ் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடு தேடிப் போய் அம்மாக்களிடம் பேசினார். நகர நிர்வாகம் மேலும் நர்ஸ்களை வேலைக்கு எடுத்தது. 1902 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். அடுத்த செப்டம்பரில் 1,101. பைலட் ஸ்டடி, அதாவது சின்ன அளவில் செய்து பார்க்கும் முன்னோட்ட ஆய்வு, என்றால் என்ன என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனி உங்கள் விஷயம். பிள்ளைகள் மயங்கி விழுவது ஒரு கஷ்டம். அது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகவில்லை. 'வளரிளம் பெண்களுக்கு ரத்தசோகை உண்டா?' என்று கேட்டால் நிதி கொடுக்கும் குழு சிரிக்கும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றிலேயே 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் உங்களிடம் ஒரு நல்ல முடிச்சு இருக்கிறது. வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தரும் திட்டம் அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் மனதில் வைத்து வகுத்தது. உங்களுடையது மெட்ரிக் பள்ளி. ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைகளின் ஹீமோகுளோபின் எவ்வளவு, விழுகிறவர்களுக்குக் காரணம் ரத்தசோகையா, வெறும் வயிறா, அதிக உதிரப்போக்கா? இது கேள்வி. இன்றைக்கே நோட்டில் மூன்று கட்டம் கூடுதலாகக் கோடு போடுங்கள்: விழுந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, மாதவிடாய் நாளா.

எத்தனை பேரைப் பரிசோதிப்பது என்று கேட்பார்கள். நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த அதே 4பி.க்யூ. பை டி ஸ்கொயர்தான். பி என்பது ரத்தசோகை உள்ளவர்களின் சதவீதம், க்யூ நூறில் மீதி, டி நாம் அனுமதிக்கும் பிழை. 59 சதவீதம், பிழை 5 என்று வைத்தால் 4 × 59 × 41 ÷ 25. 388 பேர் வரும். பத்தில் ஒருவர் வராமல் போவார் என்று கூட்டினால் 432. 'சுமார் 500 பேர்' என்று எழுதினால் எங்கிருந்து வந்தது என்று முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

என் முதல் விண்ணப்பத்தின் தலைப்பு 'பள்ளி மாணவர் ஆரோக்கியம்: ஓர் ஆய்வு'. திரும்பி வந்த கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது. 'எந்த ஆரோக்கியம்?' அன்றைக்கு அழுதேன். இப்போது அந்தக் குழுவில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் மேடம். அரசுப் பள்ளியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஆய்வு. தலைமை ஆசிரியர் அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டார். அது போதாதா?
— ஒரு மாணவி, மதுரை

போதாது. தலைமை ஆசிரியர் பள்ளிக் கதவைத்தான் திறந்துவிட முடியும். பிள்ளையின் விரலில் ஊசி குத்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்தில். ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் முடிவு வராமல் ஒரு விரலைக்கூடத் தொடக் கூடாது.

படிவத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பி நான் பட்ட பாடு இருக்கிறதே! 200 கொடுத்தேன், 61 திரும்பி வந்தது. ஒன்று டிபன் டப்பாவுக்குள்ளிருந்து சாம்பார்க் கறையோடு. பதினைந்து இருபதில் பாட்டியின் கைநாட்டு. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் வேலை, பிள்ளை பாட்டி வீட்டில். பாசத்துக்குப் பாட்டி போதும், கமிட்டிக்குப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ வேண்டும். கடைசியில் பெற்றோர் கூட்டத்தன்று வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். வெளியூர்க்காரர்கள் தீபாவளிக்கு வந்தபோது வீடு வீடாகப் போனேன். ஆகவே ப்ரபோசலில் 'தரவு சேகரிப்பு: ஒரு மாதம்' என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் கடுமையான ரத்தசோகை. அப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் அன்றைக்கே யாரிடம் சொல்வீர்கள், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, யார் கூட்டிப் போவது? இதை ஒரு பத்தி எழுதுங்கள். எழுதாமல் போனால் கமிட்டி கேட்கும். கேட்காத கமிட்டியாக இருந்தாலும் எழுதுங்கள்.

பட்ஜெட்டில் லேப்டாப் போடலாமா சிஸ்டர்?
— நர்சிங் விரிவுரையாளர், விருதுநகர்

சின்ன நிதியில் வேண்டாம். உங்கள் கல்லூரியில் இருப்பதை வைத்துச் செய்யமாட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். அந்தப் பணத்தை கியூவெட்டுக்கு, அதாவது ஹீமோகுளோபின் மெஷினில் வைக்க ரத்தச் சொட்டை எடுக்கும் சின்னத் தகட்டுக்குப் போடுங்கள், அதுவும் கணக்கை விடக் கூடுதலாக. முதல் இரண்டு மூன்று சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததைத்தான் எடுக்க வேண்டும். விரலைப் பிதுக்கினால் அளவு தப்பாகக் காட்டும், இன்னொரு கியூவெட் போகும். டப்பாவைத் திறந்துவிட்டால் அதற்குத் தனிக் கெடு உண்டு, அட்டையில் போட்டிருக்கும் காலாவதித் தேதியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. நான் ஒருமுறை பரீட்சை லீவுக்கு முன்னால் திறந்துவிட்டு, பள்ளி திறந்தபோது முக்கால் டப்பாவைக் குப்பையில் போட்டேன்.